150 வயது வரை வாழத்தான் வேண்டுமா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் வயதானவர்கள் கூடுவோம். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், மீகூனும் தேநீரும் கொடுப்பார்கள், பிறகு யாராவது ஒருவர் அரை மணி நேரம் பேசவேண்டும். போன மாதம் என் முறை. மனித ஆயுளை 120, 150 என்று நீட்ட முடிந்தால் அந்த வாழ்க்கை வாழத் தகுந்ததாக இருக்குமா என்பதை எடுத்துக்கொண்டேன். பேச்சு அரை மணியில் முடிந்தது. கேள்விகள் இரண்டு மணி நேரம் ஓடின. அதன்பிறகு சந்தையில் மீன் வாங்கும்போதும் கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் 33 வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன்.

இதெல்லாம் நடக்கிற கதையா, சார்?

இதுவரை நடந்த கதை 122 வரைதான். பிரான்சின் ஆர்ல் நகரத்தில் ஷான் கல்மான் என்ற பாட்டி 1875இல் பிறந்து 1997இல் இறந்தார்: 122 வருடம், 164 நாள். ஆண்களில் ஜப்பானின் ஜிரோமோன் கிமுரா, 116 வயதில் 2013இல் காலமானார்.

கல்மான் பாட்டியைப் பற்றி ஒரு கதை உண்டு, மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு 90 வயதானபோது 47 வயது வழக்கறிஞர் ஒருவர் அவரோடு ஒப்பந்தம் போட்டார். பாட்டி இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் கொடுத்துவருவது, பாட்டி போனபின் வீடு அவருக்கு. நல்ல பேரம் என்றுதான் நினைத்திருப்பார். முப்பது வருடம் கொடுத்தார், 77 வயதில் அவர் போய்ச் சேர்ந்தார், பாட்டி இருந்தார். அவர் மனைவி தொடர்ந்து கட்டவேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1957இல் பிறந்த ஆண்குழந்தைக்குச் சராசரி ஆயுள் சுமார் 56, பெண்குழந்தைக்கு 58. இன்று 75ஐ ஒட்டி இருக்கிறது. இதைக் காட்டி, "இப்படியே போனால் 150 வந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். வராது. சராசரி ஏறியது பிரசவத்திலும், காய்ச்சலிலும், பிஞ்சு வயதிலும் போன உயிர்கள் தப்பியதால். முதுமையின் வேகம் குறையவில்லை. பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1825இலேயே ஒன்றைக் கவனித்தார்: வாலிபம் தாண்டியபின் சாவுக்கான வாய்ப்பு வயதோடு பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. இப்போதைய கணக்கில் ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. அந்தக் கோடு இன்னும் வளையவில்லை. அதை வளைப்பதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அப்படியானால் விஞ்ஞானிகள் எதைத்தான் சாதித்திருக்கிறார்கள்?

புழுவிலும் எலியிலும் நிறைய. 1993இல் அமெரிக்காவில் சிந்தியா கென்யனின் குழு ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மண்புழு போன்ற ஒரு சிறு உயிரியில் ஒரே ஒரு மரபணுவை மாற்றி அதன் ஆயுளை இரட்டிப்பாக்கியது. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் கிருமியிலிருந்து எடுத்த ராபமைசின் என்ற மருந்தை, மனிதக் கணக்கில் அறுபதைத் தொட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் முடிவு வந்தது. பெண் எலிகளின் ஆயுள் 14 சதவீதம், ஆண் எலிகளுக்கு 9 சதவீதம் கூடியது. முதுமை தொடங்கியபின் கொடுத்தும் வேலை செய்தது என்பதுதான் அதில் ஆச்சரியம்.

மனிதனில்? ஆயுளை நீட்டுகிறது என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் ஆவலோடு பார்க்கிறார்கள். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின்! சர்க்கரை இல்லாத, 65 முதல் 79 வயதுள்ள சுமார் 3,000 பேருக்கு அதைக் கொடுத்து முதுமை நோய்கள் தள்ளிப்போகிறதா என்று பார்க்க அமெரிக்க ஆய்வாளர்கள் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் மண்டபத்தில் பாதிப்பேர் கைப்பையைத் திறந்து பார்த்தார்கள்.

எங்கள் வீட்டுக்காரருடைய மெட்ஃபார்மினில் நானும் ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது, அம்மா. அவருடையதை அவரே ஒழுங்காகப் போட்டால் போதும்.

படுக்கையில் கிடந்துகொண்டு 150 வரை இருந்து என்ன செய்ய?

ஒன்றும் செய்ய முடியாது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. நம் புராணங்களே இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. சாகாமல் இருப்பது மார்க்கண்டேயனுக்கு வரம், ஏனென்றால் அவன் என்றும் பதினாறு. அசுவத்தாமனுக்கு அதே சாகாமை சாபம்; ஆறாத புண்ணோடு அலைகிறான். வருடங்களை மட்டும் கொடுத்துவிட்டு உடம்பைக் கொடுக்க மறந்தால் நாம் எல்லோரும் அசுவத்தாமன்தான்.

இப்போதே அந்தச் சாபத்தின் சாயல் நம்மீது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி மலேசியரின் சராசரி ஆயுள் 75ஐ ஒட்டி. நோய்நொடி கழித்த ஆயுள் 66ஐ ஒட்டி. நடுவில் இருக்கும் ஒன்பது வருடம் கிளினிக் நாற்காலியில் கழிகிறது. அதே ஆண்டின் தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடம்தான் அதிகம். டயாலிசிஸ் நாற்காலியில் நமக்குத் தெரிந்த முகங்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜேம்ஸ் ஃப்ரைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1980இல் சொன்ன யோசனை எனக்குப் பிடிக்கும். ஆயுளை நீட்டுவதைவிட முதலில் நோய்க்காலத்தைச் சுருக்கு என்றார் அவர். கடைசிவரை நடமாடி, கடைசியில் சட்டென்று. நம் பாட்டிமார் "கிடையில விழாமப் போகணும்" என்று வேண்டிக்கொள்வது இதைத்தான்.

ஆகவே இனி வரும் பதில்களில் 150 என்றால் 90 வயதிலும் மோட்டார் சைக்கிள் மிதிக்கிற 150 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சலித்துப்போகாதா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1973இல் இதை வாதமாகவே வைத்தார். ஒரு மனிதனுக்கு ஒரு சுபாவம் உண்டு. அந்தச் சுபாவத்துக்கு நடக்கக்கூடியதெல்லாம் ஒருநாள் நடந்து முடிந்துவிடும். அதன்பின் சலிப்பைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. சுபாவத்தையே மாற்றிக்கொண்டால் வாழ்வது நீயே இல்லை, வேறு யாரோ. கெட்டிக்காரத்தனமான வாதம்தான். படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தார்.

அம்மா 31 வருடம் பால் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கவேண்டும், நெற்றியில் விளக்கு, கையில் உளி. ஒருநாள் ஒரு நிரை, மறுநாள் அடுத்த நிரை, மூன்றாம் நாள் மறுபடி முதல் நிரை. நாளுக்கு 500 மரம், வருடத்துக்கு 300 நாள் என்று ஒருமுறை கணக்குப் போட்டேன்: 46 லட்சத்து 50 ஆயிரம் வெட்டு. மழை நாட்களைக் கழித்தாலும் 40 லட்சத்துக்குக் குறையாது. அத்தனையும் ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில். கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் கங்காணியிடம் திட்டு. சலிப்பு என்றால் என்னவென்று அவருக்கு இருபது வயதிலேயே தெரியும். அதற்கு அவர் 150 வயது வரை காத்திருக்கவில்லை.

அவருக்கு 61 வயதில் என் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். அவளுடைய பாடநூலை வைத்துக்கொண்டு அம்மாவும் கூடவே அ, ஆ எழுதினார். ஒரு வருடத்தில் பேருந்தின் நெற்றியில் இருந்த மலாய் எழுத்தையும் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். பிறகு பழைய மாத இதழ்கள். ஜோசியப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் படிப்பார், அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 68 வயதில் போய்விட்டார். வாசிக்கத் தெரிந்த மனுஷியாக அவர் வாழ்ந்தது ஏழே வருடம்.

61க்கு முன்னும் பின்னும் இருந்தது ஒரே சுபாவமா, இரண்டா? அதே அம்மாதான். அதே பிடிவாதம், அதே காரக் குழம்பு. வில்லியம்ஸ் சொல்லும் அந்தச் சுபாவம் ஒருமுறை நிரம்பி மூடிக்கொள்ளும் பாத்திரம் என்றால் அம்மாவின் பாத்திரம் 61இல்தான் நிரம்பவே தொடங்கியது. நீண்ட ஆயுள் சலிக்கும் என்ற வாதம் பெரும்பாலும் விரும்பியதைச் செய்துபார்க்க நேரம் கிடைத்தவர்களிடமிருந்து வருகிறது. முதல் வாழ்க்கையைப் பிறருடைய நிரையில் கழித்தவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முடிவே இல்லாத வாழ்க்கை என்றால் வில்லியம்ஸ் பக்கம் நியாயம் இருக்கலாம். 150க்கு முடிவு உண்டு.

சேமநிதிப் பணம் 70 வயது வரைக்கே வராது. 150 வரை யார் சோறு போடுவது?

ஊழியர் சேமநிதி வாரியம் பல வருடமாக ஓர் இலக்கு வைத்திருந்தது: 55 வயதில் 240,000 வெள்ளி. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 வருடத்துக்கு, அதாவது 75 வயது வரை. நம்மில் எத்தனை பேரிடம் அவ்வளவு இருந்தது என்ற பேச்சு வேண்டாம். இருந்தது என்றே வைத்து, அதை 150 வயது வரை நீட்டிப் பாருங்கள். லாப ஈவைச் சேர்க்காமல் கணக்கிட்டால் மாதம் 210 வெள்ளி. கேஸ் தோம்புக்கும் அரிசிக்கும் கொடுத்தபின் கோயில் உண்டியலுக்குக்கூட மிஞ்சாது.

ஆக, 60இல் ஓய்வு என்பது போய்விடும். தனியார் துறையில் 60 என்ற சட்டமே 2013 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. 150 வயது வாழும் ஊரில் 60 வயதுக்காரர் இளந்தாரி. அவர் மறுபடி பள்ளிக்கூடம் போய் வேறு தொழில் கற்று இன்னும் 50 வருடம் உழைப்பார். "அப்போ மறுபடியும் பால் வெட்டச் சொல்வான்" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர். அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. தோட்டத்தில் வயதாவது என்பது வீட்டை இழப்பது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் சாமானைக் கட்டு. பல குடும்பங்கள் பிள்ளை ஒருவனைப் படிப்பிலிருந்து இழுத்துத் தோட்ட வேலையில் போட்டதே அந்த வீடு கைவிட்டுப் போகாமல் இருக்கத்தான்.

பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு மேல் நிற்கக்கூடிய மரம் அது. தோட்டத்தில் அதற்கு 25, 30 வருடம்தான். அது சாவதில்லை, பால் குறைகிறது. அவ்வளவுதான், சாய்த்துவிட்டு அடுத்த கன்று. செம்பனையும் அப்படியே, குலைக்குக் கம்பு எட்டாத உயரம் போனால் முடிந்தது. ஆளையும் அதே பேரேட்டில் எழுதிவைத்த இடத்தில் பிறந்தவர்கள் நாம். பால் நின்றபின் எனக்கு இன்னும் 90 வருடம் இருக்கிறது என்றால் அந்தப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? மாத்திரை கண்டுபிடிப்பதைவிட இது கடினம் என்பது என் எண்ணம்.

தலைவர் பதவியில் இருப்பவரும் 150 வரை இருப்பாரே?

இருப்பார். எனக்கு உண்மையிலேயே பயம் தரும் ஒரே கேள்வி இது. நமக்குத் தெரிந்த சங்கங்களில், ஆயுள் நீளாத இந்தக் காலத்திலேயே, 27 வருடம் நாற்காலியை விடாதவர்கள் உண்டு. பலர் இறங்கியது சுடுகாட்டுக்குப் போகும்போதுதான்.

யயாதியின் கதை இதைப் பற்றியது என்றே நான் படிக்கிறேன். முதுமை சாபமாக வந்ததும் மகன் பூருவிடம் இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரம் வருடம் அனுபவித்தான். கடைசியில் நெய் ஊற்றினால் தீ அடங்குமா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். யயாதிக்கு ஞானம் வந்ததைக் கொண்டாடுகிறோம். அந்த ஆயிரம் வருடம் கிழவனாக உட்கார்ந்திருந்த பூருவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆயுள் நீண்டால் பதவிக்கு வருட வரம்பு சட்டமாக வேண்டும். கோயில் கமிட்டி முதல் பிரதமர் வரை. வீட்டிலும்தான். 110 வயது மகன் அப்பாவிடம் கையெழுத்துக்காக நிற்கக் கூடாது.

மருந்து வந்தாலும் நமக்கா கிடைக்கப் போகிறது? பணக்காரனுக்குத்தானே?

முதலில் அப்படித்தான் நடக்கும். மலேசியச் சீனரைவிட இந்தியரின் சராசரி ஆயுள் இன்றைக்கே பல வருடம் குறைவு; மாத்திரை வருவதற்கு முன்பே வரிசை இருக்கிறது. அதியமான் நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தது நமக்குப் பெருமை. ஆனால் கனி ஒன்றுதான் இருந்தது என்பதையும், அது அரசன் கைக்குத்தான் முதலில் வந்தது என்பதையும் கவனியுங்கள். அரசனின் மனசை நம்பி ஊர் வாழ முடியாது. அரசாங்க கிளினிக்கில் ஐந்து வெள்ளிக்குள் கிடைக்காத எந்த மருந்தும் எனக்குச் செய்தி மட்டும்தான்.

ஆண்டவன் எழுதிய ஆயுளில் கை வைக்கலாமா?

ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. 1900களின் தொடக்கத்தில் தோட்டங்களில் நம்மவர்கள் மலேரியாவில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இல் கிள்ளானில் சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி, கொசுவை அடக்கிக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அது பரவியது. அந்த வாய்க்காலை வெட்டியது விதிக்கு விரோதம் என்று யாரும் இப்போது சொல்வதில்லை. மற்றதைப் பூசாரியிடம் கேளுங்கள்.

ஒரே வீட்டுக்காரியோடு 120 வருடமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் மனைவி அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனபிறகு பதில் கிடைத்திருக்கும். என் பங்குக்கு ஒன்று: கிரீன்லாந்து சுறா குறைந்தது 270 வருடம் வாழ்கிறது என்று 2016இல் கணித்தார்கள். அதன் பெண் பருவத்துக்கு வரவே சுமார் 150 வருடம் ஆகுமாம். அவசரப்படாதவர்கள்.

நம்மோடு இருந்தவர்கள் எல்லோரும் போனபின் தனியாக இருந்து என்ன, தம்பி?

78 வயது அக்கா ஒருவர் மெதுவாகக் கேட்டார். மருந்து வந்தால் எல்லோருக்கும்தானே வரும், கூட இருப்பவர்களும் இருப்பார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது, அவர் சாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. எங்கள் தோட்டம் முதலில் செம்பனை ஆனது, பிறகு வீடமைப்புத் திட்டம். லயத்தில் அடுத்த கதவில் இருந்தவர்கள் ரவாங்குக்கும் ஜொகூருக்கும் போனார்கள். பெரும்பாலானோர் உயிரோடுதான் இருக்கிறார்கள். தீபாவளிக்குப் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு போகும் தூரத்தில் இல்லை.

புறநானூற்றில் பிசிராந்தையாரின் பாட்டு ஒன்று உண்டு, நரை இல்லாமைக்குக் காரணம் சொல்லும் பாட்டு. வயது இவ்வளவாகியும் எப்படி நரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். மூலிகை, மூச்சுப்பயிற்சி என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி நல்லவள், பிள்ளைகள் நிறைவானவர்கள், ஏவலர் என் எண்ணப்படி நடப்பவர்கள், அரசன் தகாததைச் செய்யாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் அடக்கமான சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்கிறார். இதைப் பள்ளியில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், நல்ல வாழ்வுக்கான சூத்திரம் என்று.

பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகளிடம் அவ்வளவு அழுத்திச் சொன்னதில்லை. நேரில் பார்க்காமலே நண்பரான கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பு இருந்து, உயிர்விடத் துணிந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து நடந்துபோய் அவன் பக்கத்தில் தாமும் உட்கார்ந்துவிட்டார். நண்பனுக்கென்று சோழன் முன்பே இடம் ஒதுக்கி வைத்திருந்தானாம். நரைக்காத தலையோடு போனார். அதை யாரும் பின்பற்ற வேண்டும் என்று சொல்லவரவில்லை. எனக்கு அந்த முடிவு பிடிக்கவும் இல்லை. ஆனால் அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில் போதாது என்பதற்குப் பிசிராந்தையாரே சாட்சி.

நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா, சார்?

ஒத்துக்கொள்வேன். கால் நன்றாக இருக்கவேண்டும், என் வயதில் நாலு பேராவது ஊரில் இருக்கவேண்டும், வேண்டாம் என்று தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு இயல்பாக முதுமையை வரவிடும் உரிமையும் இருக்கவேண்டும். எனக்கு 67 ஆகிறது. சீன மொழி படிக்கவேண்டும் என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காய்கறிக் கடை அங்கிளிடம் விலை பேசும் அளவுக்கு மேல் இன்னும் போகவில்லை.

நீங்கள் பேச்சில் சொன்ன அந்தக் கிழட்டு மரம் எங்கே இருக்கிறது?

கோலக்கங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில். நம் ஊரிலிருந்து காரில் அரை மணி நேரம். 1877இல் இந்த மண்ணுக்கு வந்த முதல் பால்மரக் கன்றுகளில் ஒன்பது அங்கே நடப்பட்டன. அவற்றில் மிஞ்சியது அது. 150ஐ எட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கூட்டாளிகளின் வாரிசுகளைத்தான் நம் பாட்டன்மார் வெட்டினார்கள்.

பேச்சுக்கு அடுத்த வாரம் எட்டுப் பேர் ஒரு வேனில் போய்ப் பார்த்தோம். எல்லோரும் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, 83 வயதுப் பெரியம்மா ஒருவர் மட்டும் மரத்தைச் சுற்றி வந்து, பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். 40 வருடம் உளி பிடித்த விரல்.

"இத இப்ப வெட்டக்கூடாது" என்றார். "பட்டை ஊறட்டும். ஏழெட்டு வருஷம் கழிச்சு வந்து பாப்போம்."